தண்ணீருக்கடியில் டீசல் ஓடாது, நடுவர் ஐயா

டர்பன் பொங்கல் விழாக் குழுவினருக்கும், அன்றைய பட்டிமன்றத்தின் நடுவர் ஐயாவுக்கும் வணக்கம்.

கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன நமக்கு, 'நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஏற்றது அணுவா, டீசலா?' என்று ஒரு தலைப்பைக் கொடுத்தீர்கள். யாருக்குத் தோன்றியதோ, அவர் நன்றாக இருக்கட்டும். தமிழில் இதைப் பற்றிப் பேச முடியும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினீர்களே, அதுவே பெரிய காரியம்.

தீர்ப்புதான் எனக்குச் செரிக்கவில்லை. தை மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில் உச்சிக்கோடை. மின்விசிறி போதாத அந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில், காகிதக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருந்தேன். "டீசல் நீர்மூழ்கி என்பது தண்ணீருக்குள் லாரி ஓட்டுகிற மாதிரி. பத்து மைலுக்கு அப்பால் இருக்கிறவனுக்கும் கேட்கும். அணு என்றால் சத்தமே கிடையாது. பணக்கார நாடெல்லாம் அணுவுக்குப் போய்விட்டது, நாம் இன்னும் டீசல் கேனோடு நிற்கிறோம்" என்று நீங்கள் சொன்னதும் மண்டபமே சிரித்தது. டீசல் அணியில் கடைசியாகப் பேசிய பத்தாம் வகுப்புப் பெண் எதையோ சொல்ல வாயெடுத்தாள். நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டீர்கள். அவள் எங்கள் எதிர்வீட்டுப் பெண். அவள் பேச்சைத் திருத்திக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லிக் கேட்பதைவிட அது மேல்.

பரிசைத் திருப்பிக் கேட்கவில்லை. விழா மலரில் அந்தத் தீர்ப்பு அப்படியே அச்சாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். பேச்சு காற்றோடு போய்விடும், மலர் வீட்டு அலமாரியில் இருபது வருஷம் கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்து, பிறகு டர்பன் பேஹெட்டில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். நீர்மூழ்கியில் வேலை பார்த்ததில்லை. ஆனால் ஜெனரேட்டர், பேட்டரி, மோட்டார் என்ற மூன்றோடும் முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். டீசல் நீர்மூழ்கியை ஓட்டுவதும் அந்த மூன்றுதான்.

2022, 2023-ல் நாம் பட்ட லோட்ஷெடிங் என்ற மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். ஆறாம் கட்டம் என்று அறிவித்தால் ஒரே நாளில் மூன்று முறை கரண்டு போகும். இரவில் தெருவே இருண்டு கிடக்கும்போது எந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். எங்கள் மூலைவீட்டுக்காரருடையது நாலு தெருவுக்குக் கேட்கும். இன்வெர்ட்டர் வைத்த வீடோ, திரையை இழுத்துவிட்டால் ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. டீசல் நீர்மூழ்கி என்பது அந்த இரண்டு வீடும் ஒரே கூரைக்குள் இருப்பது. மேலே இருக்கும்போது டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றி பேட்டரியை நிரப்பும். மூழ்கியதும் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் முடியாது, எஞ்சினுக்குக் காற்று வேண்டும், கடலுக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? அதற்குப் பிறகு ப்ரொப்பெல்லரைச் சுழற்றுவது பேட்டரியிலிருந்து ஓடும் ஒரு மின்மோட்டார் மட்டும். மெதுவாகச் சுற்றும் பெரிய மோட்டார், நேராகத் தண்டோடு சேர்ந்தது, நடுவே கியர்பாக்ஸ்கூட இல்லை. கடலில் அதைவிட அமைதியாக நகரும் இயந்திரம் அபூர்வம்.

லாரிப் பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

இன்வெர்ட்டர் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்: ஒரு எல்.இ.டி. விளக்கும் வைஃபையும் மட்டும் போட்டால் பேட்டரி இரவு முழுக்கத் தாங்கும். யாராவது மறந்துபோய் கெட்டிலைப் போட்டால் கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிடும். நீர்மூழ்கியின் கெட்டில் அதன் வேகம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். நான்கு நாட் (மணிக்கு நான்கு கடல் மைல்) வேகத்திலிருந்து இருபதுக்கு ஏற்றினால் ஐந்து மடங்கு வேகம், ஐந்தை மூன்று தடவை பெருக்குங்கள், 125 மடங்கு சக்தி. போதாக்குறைக்கு ஈய-அமில பேட்டரியை அவசரமாக உறிஞ்சினால் அது முழுசாகவும் கொடுக்காது. நம் தென்னாப்பிரிக்கக் கடற்படையிடம் இருக்கிற 209 வகைப் படகு நான்கு நாட் வேகத்தில் போனால் மூழ்கியபடியே 400 கடல் மைல் போகும் என்று கணக்குச் சொல்வார்கள். நூறு மணி நேரம், அதாவது நாலு நாள். முழு வேகத்தில் விரட்டினால் மணிக்கணக்கிலேயே பேட்டரி காலி.

கடற்படைத் தளமான சைமன்ஸ்டவுனிலிருந்து டர்பனுக்குக் கடல்வழி ஏறத்தாழ 800 மைல். நான்கு நாட் வேகத்தில் எட்டு நாளுக்கு மேல் ஆகும், அதற்கு முன்பே பேட்டரி தீர்ந்துவிடும். ஆகவே நடுவழியில் ஏறிவந்து மூச்சுவிட்டே ஆக வேண்டும். முழுசாக மேலே வர வேண்டியதில்லை. பெரிஸ்கோப் ஆழத்தில் நின்றுகொண்டு ஸ்நோர்கெல் என்ற மூச்சுக்குழாயை மட்டும் வெளியே நீட்டி, எஞ்சினை ஓட்டி பேட்டரியை நிரப்பிக்கொள்வார்கள். டச்சுக்காரர்கள் ஆரம்பித்து, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் பரவலாக்கிய ஏற்பாடு அது. அந்த நேரத்தில் மட்டும், நடுவர் ஐயா, நீங்கள் சொன்ன லாரி ஓடுகிறது. எஞ்சின் சத்தம் கடலில் பரவும், குழாயின் தலை ரேடாரில் விழலாம், மேலே விமானம் இருந்தால் கதை கந்தல். டீசல் படகுத் தலைவனின் கவலை முழுக்க எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் மூச்சுவிடுவது என்பதிலேயே இருக்கும்.

அணுப்படகுக்கு இந்தக் கவலை கிடையாது. அணு என்றதும் ஏதோ மந்திரம் என்று நினைக்க வேண்டாம், கேப் டவுன் பக்கம் கூபெர்க் அணுமின் நிலையத்தில் நடக்கிற அதே கொதிக்கவைக்கிற வேலைதான். உலையின் சூட்டை அழுத்தத்தில் இருக்கும் நீர் சுமந்து வரும். அந்தச் சூட்டில் இன்னொரு நீர் ஆவியாகி டர்பைனைச் சுழற்றும். காற்று வேண்டாம், அதனால் மேலே வர வேண்டாம். 1955 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் நாட்டிலஸ் முதன்முதலாக அணுசக்தியில் கிளம்பியது. 1958 ஆகஸ்ட் 3 அன்று வட துருவப் பனிக்கடியில் கடந்து போனது. டீசல் படகால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத பயணம். குடிநீரையும் ஆக்சிஜனையும் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். அரிசி பருப்பு தீர்ந்தால்தான் ஊர் திரும்ப வேண்டும்.

ஆனால் 'சத்தமே கிடையாது' என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அடுப்பை அணைத்தால் ஆறிவிடும், அணு உலை அப்படி ஆறாது. நிறுத்திய நொடியிலும் முழுத்திறனில் ஆறேழு சதவீதச் சூடு வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கழிந்தும் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். இந்தியாவின் அரிகந்த் அணுப்படகின் உலை 83 மெகாவாட் என்பார்கள். அதில் ஆறு சதவீதம் என்றால் ஐந்து மெகாவாட், இரண்டாயிரத்து ஐந்நூறு கெட்டில் ஒன்றாகக் கொதிப்பதற்குச் சமம். அந்தச் சூட்டைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும்போது பம்பு, டர்பைன், பல படகுகளில் அதற்கு மேல் கியர்பாக்ஸ். ரப்பர் மெத்தைமேல் இயந்திரங்களைத் தூக்கிவைப்பது, மெதுவாகப் போகும்போது பம்பில்லாமலே உலை நீரைச் சுழலவிடுவது என்று அறுபது எழுபது வருஷமாகப் பாடுபட்டு இந்தச் சத்தத்தை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். புதிய அணுப்படகுகள் உண்மையிலேயே அமைதியானவை. டீசல் படகோ எஞ்சினை நிறுத்தினாலே போதும், அந்த அமைதி செலவில்லாமல் வந்துவிடுகிறது. ஸ்வீடனின் கோட்லாண்ட் என்ற சின்னப் படகை 2005-ல் அமெரிக்கக் கடற்படையே வாடகைக்கு வாங்கி சான் டியேகோவில் வைத்து இரண்டு வருஷம் தேடிப் பழகியது. பயிற்சியில் அது விமானந்தாங்கிக் கப்பலுக்கு அருகிலேயே வந்து போனது. அதில் திரவ ஆக்சிஜனைக் கொண்டு ஓடும் ஸ்டர்லிங் எஞ்சின் வேறு இருக்கிறது; ஸ்நோர்கெலை நீட்டாமலே வாரக்கணக்கில் மெல்ல ஊர்ந்து போகும். நம் படகுகளில் அந்த வசதி இல்லை.

அன்று இரண்டு அணியும் விட்டுவிட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. இந்தத் தலைப்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது: 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போர். ஒரே போரில், ஒரே கடலில் இரண்டு வகையும் வேலை செய்தன.

பிரிட்டனின் அணுப்படகு கான்கரர் ஏப்ரல் 4 அன்று ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனிலிருந்து கிளம்பியது. பூமிப்பந்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. மாதம் முடிவதற்குள் தெற்கு அட்லாண்டிக்கில் நின்றது. அதே கடற்படையின் டீசல் படகு ஒனிக்ஸ் ஏப்ரல் கடைசியில் புறப்பட்டு மே கடைசிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மே 2 அன்று கான்கரர் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அர்ஜென்டினாவின் பெரிய போர்க்கப்பல்கள் கரையை விட்டு வரவே இல்லை. இதுவரைக்கும் அணு அணிக்கு முழு மதிப்பெண்.

இப்போது மறுபக்கம். அர்ஜென்டினாவிடம் அந்தப் போருக்கு உருப்படியாக இருந்தது சான் லூயிஸ் என்ற ஒரே ஒரு டீசல் படகு. 209 வகை, நம் படகுகளுக்கு அக்காள் முறை. அதன் நான்கு டீசல் எஞ்சின்களில் ஒன்று வேலை செய்யவில்லை. டார்ப்பிடோவைக் குறிவைக்கும் கணினி பழுது. மாலுமிகளுக்கோ அனுபவம் போதாது. ஏப்ரல் 11 அன்று போன அந்தப் படகு மே 19 அன்று முழுசாகத் திரும்பி வந்தது. நடுவில் பிரிட்டிஷ் கப்பல்களை நோக்கி டார்ப்பிடோ விட்டது. விட்டது ஒன்றும் சரியாகப் போய் வெடிக்கவில்லை, அது அந்த மாலுமிகளின் தலையெழுத்து. ஆனால் நீர்மூழ்கி வேட்டையில் உலகிலேயே கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த கடற்படை, ஹெலிகாப்டர்களோடு ஒரு மாதத்துக்கு மேல் தேடியும் அதைப் பிடிக்க முடியவில்லை. சோனார் என்ற ஒலிக்கருவியில் எது முனகினாலும் அதன்மேல் குண்டு போட்டார்கள். திமிங்கலங்கள் பாவம்.

ஆக, தொலைவில் இருக்கிற சண்டைக்கு ஓடிப்போய்ச் சேர வேண்டுமானால் அணு. வீட்டு வாசலில் ஒளிந்திருந்து, வருகிறவனைத் தூங்கவிடாமல் செய்ய டீசல் போதும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்வார்: திருடனைத் துரத்த மோட்டார் சைக்கிள் வேண்டும், தோட்டத்தைக் காக்க நாய் போதும் என்று. பட்டிமன்றத்தில் இதைச் சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். எனக்கு அன்று ஞாபகம் வரவில்லை.

பணக்கார நாடெல்லாம் அணுவுக்குப் போய்விட்டது என்றீர்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் டீசலை விட்டுவிட்டது உண்மை. ஜப்பானும் ஜெர்மனியும் ஏழை நாடுகளா? ஜப்பானிடம் இருபதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிகள் உண்டு, ஒன்றுகூட அணு இல்லை. 2020-ல் ஓர்யூ என்ற படகில் நம் கைபேசியில் இருப்பதுபோல லித்தியம்-அயனி பேட்டரி வைத்துக் கடற்படையில் சேர்த்தார்கள். ரஷ்யா, சீனா, இந்தியா மூன்றும் இரண்டு வகையையும் வைத்திருக்கின்றன, வேலையைப் பார்த்து அனுப்புகின்றன.

அப்புறம் கல்பாக்கம். அதைச் சொன்னபோது உங்கள் குரலே மாறியது, என் நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்தது, மறுக்கவில்லை. அரிகந்துக்கான மாதிரி உலை நம் தமிழ்நாட்டில், கல்பாக்கத்தில்தான் முதலில் ஓடிப் பார்த்தது. மூழ்கிக் கிடக்கும் படகுகளுக்குச் செய்தி அனுப்பும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது அந்தக் கம்பங்களைத் தூரத்திலிருந்தே காட்டி என் மகனுக்குக் கதை சொல்வேன். எல்லாம் சரி. அரிகந்த் கடற்படையில் சேர எவ்வளவு காலம் ஆனது? எழுபதுகளில் தொடங்கிய முயற்சி 2016-ல்தான் முடிந்தது. பிரேசில் 1979-ல் தொடங்கியது, இன்னும் அணுப்படகு கடலில் இறங்கவில்லை. ஆஸ்திரேலியா 2021-ல் அணுவுக்கு மாறுவது என்று முடிவெடுத்தது. 2050களின் நடுப்பகுதி வரைக்கும் 268 முதல் 368 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை ஆகும் என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள். கூபெர்க் இருக்கிறதே, நாமும் செய்யலாமே என்றீர்கள். இட்லிப் பானை இருக்கிறதே, ரயில் எஞ்சின் செய்யலாமே என்கிற மாதிரி இருக்கிறது. ஃபிரான்சின் புதிய அணுப்படகு சுஃப்ரென் மூழ்கிய நிலையில் 5,300 டன். நம்முடையது 1,600 டன் அளவு, முப்பது பேர் போதும். அதற்கே நாம் படுகிற பாட்டைப் பாருங்கள்.

பாட்டைச் சொல்லும் முன் படகுகளின் பெயரைச் சொல்லிவிடுகிறேன், மண்டபத்தில் யாருமே சொல்லவில்லை. மூன்றும் பெண் பெயர்கள்: த்லோக்வா மக்களின் அரசி மன்தாதிசி, விடுதலைப் போராளி சார்லட் மக்செகே, மழை அரசி மோட்ஜாட்ஜி. மழை அரசி என்றால் நமக்குப் புரியாதா? மாரி என்றாலே மழைதானே. மவுண்ட் எட்ஜ்கம் கோயிலில் தீ மிதிக்கிற நாம் அந்தப் படகைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டால் தப்பில்லை. இவற்றில் கடைசி இரண்டும் கட்டப்பட்ட ஊர் ஜெர்மனியின் எம்டன். ஆமாம், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைமேல் குண்டு போட்டு, 'அவன் சரியான எம்டன்டா' என்று நம் பேச்சிலேயே இடம்பிடித்த கப்பலுக்குப் பெயர் கொடுத்த அதே ஊர்.

2007 செப்டம்பரில் கேப் கடற்கரைக்கு அப்பால் நேட்டோ கப்பல்களோடு ஒரு பயிற்சி நடந்தது. மன்தாதிசி தனி ஆளாக நின்று, யார் கண்ணிலும் படாமல், எதிரே வந்த கப்பல்களையெல்லாம் பயிற்சிக் கணக்கில் 'மூழ்கடித்தது' என்று செய்தி வந்தது. பேஹெட் பட்டறையில் அன்று அந்தச் செய்தித்தாள் கை மாறி மாறிக் கசங்கிப்போனது. உங்கள் 'டீசல் கேன்' இதுதான். அதே மன்தாதிசி அதற்குப் பின் வருஷக்கணக்கில் துறையிலேயே கட்டிக்கிடந்தது. சார்லட் மக்செகே பெரிய பழுதுபார்ப்புக்குப் போய், பணம் வராமல் பல வருஷமாக முடங்கியிருக்கிறது. உண்மையில் பட்டிமன்றம் வைக்க வேண்டிய இடம் இதுதான். ஈய-அமில பேட்டரியை நிரப்பாமல் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து செத்துப்போகும். உங்கள் காரை மூன்று மாதம் ஓட்டாமல் விட்டுப் பாருங்கள். இந்த வகைப் படகில் வழக்கமாக 480 செல்கள், ஒவ்வொன்றும் அரை டன் பக்கம். ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி பார்ப்பது, டிஸ்டில்டு வாட்டர் விடுவது, சார்ஜ் ஏறும்போது கிளம்பும் ஹைட்ரஜனை விசிறி போட்டு வெளியேற்றுவது என்று தினமும் ஆள் வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் நான்கு சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

பேட்டரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் என்பதற்கு அர்ஜென்டினாவின் சான் ஹுவான் சாட்சி. அதுவும் எம்டனில் பிறந்ததுதான். 2017 நவம்பர் 15 அன்று, கடும் கடலில் ஸ்நோர்கெல் வழியாகக் காற்றுக்குழாய்க்குள் தண்ணீர் புகுந்து முன்பக்க பேட்டரியில் ஷார்ட் ஆகிவிட்டது என்று கரைக்குச் செய்தி சொன்னார்கள். அதோடு சரி. 44 பேர். ஒரு வருஷம் கழித்து 900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேட்டரி அறையில் தண்ணீர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உப்புநீர் பட்டால் குளோரின் வாயு வேறு கிளம்பும்.

எனக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று நேரில் காட்டியது சைமன்ஸ்டவுனில் மிதந்துகொண்டிருந்த அசெகாய். பிரான்சில் கட்டிய பழைய டஃப்னே வகை. 2003-ல் ஓய்வு கொடுத்து, பிறகு அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். 2013-ல் குடும்பத்தோடு போனேன். இறங்கியதுமே வாசம் அடித்தது: டீசல், பழைய ரப்பர், அடியில் எங்கோ ஆசிட். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் அது போகவில்லை. நடைபாதையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். காலடியில் ஒரு மூடி, அதன் கீழே செல்கள் இருந்த குழி. ஆள் நிற்க முடியாது. குப்புறப் படுத்து ஊர்ந்துதான் ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேண்டும். "இதுக்குள்ள ஐம்பது பேரா? நம்ம வீட்டு ஸ்டோர் ரூமே பெருசு" என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்லாமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'ஓட்டைப் படகுகள்' என்று ஒரு நகைச்சுவையும் சொன்னீர்கள். 2023 செப்டம்பர் 20 அன்று கொமெட்கி கடலோரத்தில் இதே மன்தாதிசியின் மேல்தளத்தில் ஹெலிகாப்டரோடு பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களைப் பெரிய அலை வாரிக்கொண்டு போனது. மூன்று பேர் இறந்தார்கள், ஒருவர் பெண் அதிகாரி. அதற்கும் டீசலுக்கும் அணுவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் மலரில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுப்பக்கத் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். அணு நீர்மூழ்கி என்றால் அணுகுண்டு சுமக்கும் கப்பல் என்பதுபோல எங்கள் எதிர்வீட்டுப் பெண் பேசினாள், "ஆறு குண்டையும் கழற்றிப்போட்ட நாடு இது, இங்கே அதற்கு இடமில்லை" என்றாள். கைதட்டல் கிடைத்தது, ஆனால் அது தப்பு. அணுசக்தியில் ஓடுவது வேறு, அணு ஆயுதம் வைத்திருப்பது வேறு. பல அணுப்படகுகளில் சாதாரண டார்ப்பிடோவும் ஏவுகணையும்தான் இருக்கும். ஆப்பிரிக்காவை அணு ஆயுதமற்ற பகுதியாக்கிய பெலிண்டாபா ஒப்பந்தமும் ஆயுதத்தைத்தான் தடுக்கிறது, எஞ்சினைத் தடுக்கவில்லை. இதை நான் திருத்தியிருக்க வேண்டும். கோட்டைவிட்டேன். நீங்களாவது பிடித்திருக்கலாம், நடுவர் ஐயா.

மலர் அச்சகத்துக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று குழுச் செயலாளர் சொன்னார். தீர்ப்பை மாற்றச் சொல்லவில்லை. அது நடுவரின் உரிமை. லாரி வரியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால், பக்கத்திலேயே அவளுடைய பதிலையும் போடுங்கள். மணி அடித்தபோது அவள் சொல்ல வாயெடுத்தது என்ன என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "தாத்தா, லாரி மேலேதான் ஓடும், கீழே போனா இன்வெர்ட்டர்னு சொல்ல வந்தேன்" என்றாள். மூலைவீட்டு ஜெனரேட்டரும் திரை இழுத்த வீடும் என்று மேலே நான் எழுதியது அவளுடைய உதாரணம். என் மூளையில் உதித்தது இல்லை.

அதை அவள் பெயரிலேயே போடுங்கள். இடம் போதாது என்றால், வழக்கம்போல நான் கொடுத்திருக்கிற கால்பக்கப் பொங்கல் வாழ்த்து விளம்பரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டாம்.

அன்புடன்,
மூன்றாம் வரிசைக்காரன்